குழிக்குள்ள எறங்குறேன்

துவரம்பருப்பு கரியாகிப்போனதற்கு முழுப்பொறுப்பும் செழியனுடையதுதான். "மூணு விசில் வந்ததும் நிறுத்திடுடா" என்று சொல்லிவிட்டு அம்மா கொல்லைக்குப் போயிருந்தாள். அம்மா சாவித்திரிக்கு இரண்டு காதும் மந்தம். இடி இடித்தால், கதவைத் தட்டுவது யார் என்று கேட்பாள். அதனால் அந்த வீட்டில் விசில் எண்ணுகிற உத்தியோகம் செழியனுக்கு. சென்னைக் கம்பெனியின் வேலையை ஊரிலிருந்தே பார்த்துக்கொண்டு பதினோரு பேரை மேய்க்கிறவனுக்கு ஒரு குக்கரை மேய்க்க முடியவில்லை. மாடியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், தண்ணீர் வற்றி, வால்வு பிய்த்துக்கொண்டு போய், சமையலறைக் கூரைக்கெல்லாம் பருப்பு பூசி முடிந்த பிறகு, கருகல் வாடை மூக்கில் ஏறித்தான் கீழே ஓடி வந்தான்.

"காது கேக்காதவ நானா, நீயா?" என்றாள் அம்மா, கையில் பறித்த கத்திரிக்காயோடு. "இந்த லட்சணத்துல இவனுக்குப் பொண்ணு வேற பாக்கணுமாம்."

செழியன் சிரித்தான். கூரையைப் பார்த்து, இனி அண்ணாந்து சாப்பிட்டால் போதும் என்றான். ஆனால் கண் வாசல் வழியே வயல் பக்கமே போயிற்று. இருபது விசிலாவது அடித்திருக்கும், அதில் ஒன்றைக்கூட உள்ளே விடாத அந்த ஹெட்போனுக்குள், அந்த நேரம் முழுவதும், வயலைத் தாண்டி எங்கிருந்தோ ஒரு ஆள் "தம்பீ... தம்பீ..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

"யாராச்சும் வந்து கூப்பிட்டாங்களாம்மா?"

"என்னையப் போயி கேக்குறான் பாரு" என்று அம்மா சுரண்டியை எடுத்துக்கொண்டு குக்கர் முன் உட்கார்ந்தாள்.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். குரலுக்கு உரியவர் இறந்து இருபத்துநான்கு நாள் ஆகியிருந்தது.

பஞ்சநதம் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். செழியனின் அப்பா துரைக்கண்ணு காலத்திலிருந்து அந்த வேலை அவரிடம்தான். பூதலூர்ப் பக்கம் எல்லோரும் போருக்குள் இறக்கும் மோட்டாருக்கு மாறிவிட்ட பிறகும், இவர்களுடையது பழைய ஏற்பாடு: பத்தடி ஆழத்தில் சிமெண்ட் உறை போட்ட ஒரு குழி, அதன் அடியில் மோட்டாரும் பம்பும். பம்பு அடிக்கடி காற்று வாங்கிக்கொள்ளும். அப்போதெல்லாம் யாராவது உள்ளே இறங்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். அந்த யாராவது எப்போதும் பஞ்சநதம். அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. இறங்குவதற்கு முன் குழி விளிம்பில் நின்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "குழிக்குள்ள எறங்குறேன், மோட்டாரப் போட்டுறாதீங்க!" வீட்டிலிருந்து துரைக்கண்ணு ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். அவ்வளவு தூரம் பதிலுக்குக் கத்த வேண்டாமே. கை உயர்ந்ததைப் பார்த்த பிறகுதான் பஞ்சநதம் ஏணியில் கால் வைப்பார். முப்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

அப்பா போன பிறகு கை காட்டுகிற வேலை செழியனுக்கு வந்தது. அவன் தன் பங்குக்கு விவசாயத்தை நவீனமாக்கினான். அதாவது, மோட்டாருக்கு ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினான். மும்முனை மின்சாரம் வந்ததும் மாடியில் உட்கார்ந்தபடி போனில் ஒரு எண்ணை அழுத்தினால், முந்நூறு அடிக்கு அப்பால் குழியை ஒட்டிய கொட்டகையில் இருக்கும் பெட்டி 'டக்' என்று சொல்லி மோட்டாரைக் கிளப்பிவிடும். அவன் செய்த விவசாயம் மொத்தமும் அந்த ஒரு விரல்தான்.

அதே மாதம்தான் ஹெட்போனும் வந்தது. வெளியே எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு நேர் எதிரான சத்தத்தை உள்ளே உண்டாக்கி இரண்டையும் இல்லாமல் ஆக்கிவிடும் என்று அவன் பஞ்சநதத்திடம் பெருமையடித்திருந்தான்.

"அப்ப எம் பொண்டாட்டிக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க தம்பி. நான் பேசறது கேக்காம அவளாச்சும் நிம்மதியா இருப்பா."

செழியன் சிரித்தபடி அதை அவர் தலையில் மாட்டி பொத்தானை அழுத்தினான். பஞ்சநதத்தின் முகம் மாறியது. வாய் லேசாகத் திறந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கழற்றி, சூடான பாத்திரத்தைக் கொடுப்பதுபோல் அவனிடம் கொடுத்தார்.

"என்ன தம்பி இது. குழிக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மின்சாரம் வந்தது. செழியன் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்தான். முடிந்ததும் போனை எடுத்து எண்ணை அழுத்தினான். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் தண்டு, பஞ்சநதத்தின் கழுத்தில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மோட்டார் நாற்பது நிமிடம் ஓடியது. தண்ணீர் வரவில்லையே என்று பார்க்கப் போனவன் செழியன்தான்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எறங்கும்போது குரல் குடுத்தாரா சார்?"

"இல்லை" என்றான் செழியன்.

இல்லை என்பதற்கும் கேட்கவில்லை என்பதற்கும் நடுவே ஒரு ஹெட்போன் அளவுதான் இடைவெளி. அதை அவன் சொல்லவில்லை. இறந்தவரின் அஜாக்கிரதை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். அன்றிரவு பஞ்சநதம் வீட்டு வாசலில் யாரும் பார்க்காத இடத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுததும் உண்மை, கையெழுத்தும் உண்மை.

குக்கர் வெடித்த திங்கட்கிழமை மாலையே தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பஞ்சநதத்தின் மனைவி வேம்பு மனுக் கொடுத்திருக்கிறாள். தன் புருஷன் குரல் கொடுக்காமல் இறங்குகிற ஆள் இல்லை என்று. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு தாசில்தார் முன் செழியன் மறுபடி வாக்குமூலம் தரவேண்டும்.

மூன்று நாள் இருந்தது. அவர் அன்றைக்குக் கூப்பிட்டாரா, இல்லையா? கூப்பிட்டிருக்காவிட்டால் செழியன் சொன்னது பொய்யாகாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெட்போனை மாட்டினான். வழக்கமான அந்த அமுக்கம், ஆற்றில் முங்கும்போது காதை மூடுகிற தண்ணீரைப் போல. மின்விசிறியின் கரகரப்பு போயிற்று, வரப்பில் நாற்றுக்கட்டு இறக்குகிற பெண்களின் பேச்சு போயிற்று, புளியமரத்துக் காக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது, சாலையில் போன டிராக்டர் புழுதியை மட்டும் எழுப்பிக்கொண்டு ஊமையாய்ப் போனது. ஜன்னலுக்கு வெளியே குறுவைப் பச்சை வெயிலில் மினுங்கியது. அதன் நடுவில் கொட்டகை. ஒன்பது முப்பத்தெட்டு.

"தம்பீ..."

பாட்டு எதுவும் ஓடவில்லை. போனோடு இருந்த இணைப்பைத் துண்டித்தான்.

"தம்பீ... குழிக்குள்ள..."

கழற்றினான். காக்கை. டிராக்டர். மின்விசிறி. நாற்றுக்காரிகளின் சிரிப்பு. குரல் இல்லை. மாட்டினான். எல்லாம் போயிற்று. குரல் வந்தது. எல்லாச் சத்தத்தையும் துடைத்து எடுத்த பிறகு அடியில் மிஞ்சிக் கிடக்கிற வண்டல்போல அது ஒன்று மட்டும்.

"...எறங்குறேன். மோட்டாரப் போட்டுறாதீங்க."

அவசரமே இல்லாத குரல். தினமும் சொல்கிறதைச் சொல்கிற குரல். பதிலுக்குக் காத்திருக்கிற ஆளின் மூச்சு அதன் பின்னால் கேட்டது. உதட்டில் ஒட்டிய வெற்றிலையைத் துப்புகிற சத்தம்கூட.

செழியன் ஹெட்போனை பீரோவில் பூட்டிவிட்டு, சாவியை அரிசி டின்னுக்குள் போட்டான். பேயை அரிசிக்குள் ஒளித்த முதல் ஆள் நான்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை மீட்டிங்கை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டான். மேலாளர் ராகவேந்திரா கன்னடம் கலந்த தமிழில் ஏதோ கணக்கை விளக்கிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தினார்.

"என்ன செழியன், டவுட்டா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு கை தூக்கியிருக்கே? ஸ்கூல் பையன் மாதிரி."

பதினோரு பேரும் சிரித்தார்கள். செழியனும் சிரித்தான். சிரித்தபடியே திரையின் மூலையிலிருந்த தன் சிறிய கட்டத்தைப் பார்த்தான். அதில் அவனுடைய வலது கை தோளுக்கு மேலே உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது. எப்போது தூக்கினான் என்று தெரியவில்லை. இடது கையால் பிடித்து இறக்கினான். அது கனமாக இருந்தது. வேறு யாருடைய கையையோ இறக்குவதுபோல்.

மணியைப் பார்த்தான். ஒன்பது நாற்பது.

சாயங்காலம் வாய்க்கால் மதகருகே வேம்பு ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, நெடிய பெண். அவன் சைக்கிளை நிறுத்தியதும் நிமிர்ந்தாள்.

"வாங்க தம்பி. அம்மா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க. அத்தாச்சி, ஒண்ணு கேக்கணும்." அவளை அவன் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான். "அன்னிக்கு... அவரு கூப்பிட்டாரா?"

அவள் அரிவாளைப் புல்லில் துடைத்தாள். ஒரு பக்கம். மறு பக்கம்.

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்களா அன்னிக்கு?"

"நான் எங்க தம்பி இருக்கப்போறேன். டீ கொண்டாந்து குடுப்பேன், போவேன்." புல்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "இப்பவும் கொண்டாந்து வைக்கிறேன். குடிக்கிறாரா இல்லையான்னு பாக்குறதில்ல."

கட்டு அசைய அசைய வரப்பில் போனாள். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கும் அதே கதைதான். "செத்தவனக் கிளறாதடா" என்றாள். அது பதிலா?

வியாழக்கிழமை காலை அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. குழி விளிம்பில் நின்று கத்தினால் மாடி ஜன்னலுக்குக் கேட்குமா? காற்று எதிராக வீசினால் கேட்காது. கேட்காது என்று ஒரு தடவை நேரில் தெரிந்துகொண்டால் தாசில்தார் முன் நிமிர்ந்து நிற்கலாம். போனை மாடி மேசையில் ஒலிப்பதிவில் வைத்துவிட்டுக் கிளம்பினான். வாசலைத் தாண்டும்போதுதான் கவனித்தான், ஹெட்போன் கழுத்தில் இருந்தது. அரிசி டின்னைத் திறந்த ஞாபகம் இல்லை. விரல் இடுக்கில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"வெயில்ல மண்டைய ஒடச்சிக்கிட்டு எங்கடா போற? துண்டாச்சும் போட்டுக்க" என்று அம்மா ஒரு துண்டை அவன் தோளில் எறிந்தாள்.

கொட்டகையில் முதல் வேலையாக ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே இருந்த மூன்று ஃப்யூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முட்டாளாக இருக்கலாம், இருமுறை முட்டாளாக இருக்கக்கூடாது. மூன்றும் நெஞ்சில் கனத்தன. குழி விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் டீ. மேலே ஆடை கட்டவில்லை. ஆவி மெல்லியதாக எழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தான். வயலில் யாரும் இல்லை. நாற்றுக்காரிகளும் இல்லை. காக்கையும் இல்லை. காற்று நின்றிருந்தது.

குழியிலிருந்து பழைய கிரீஸும் பாசியும் கலந்த ஈர வாடை, அதற்கு அடியில் சொல்லத் தெரியாத ஒரு இனிப்பு, வாய் திறந்து மூச்சு விட்டதுபோல் முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தான். குனிந்த வேகத்தில் ஹெட்போன் கழுத்திலிருந்து நழுவி உறையில் ஒருமுறை மோதி உள்ளே விழுந்தது.

"சபாஷ்டா செழியா" என்றான் சத்தமாக.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கீழேயிருந்து அது பேசத் தொடங்கியிருந்தது. கொசுவின் அளவுக்கு மெல்லிய குரல். வார்த்தை புரியவில்லை. புரிந்துகொள்ளாமல் போக முடியவில்லை.

ஏணியில் கால் வைத்தான். எடுத்தான். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் வீட்டுப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, எப்படியும் சோதனைக்காகக் கத்தவேண்டியதுதானே என்று கத்தினான்.

"குழிக்குள்ள எறங்குறேன்! மோட்டாரப் போட்டுறாதீங்க!"

அவன் குரல் பச்சையின் மேல் நேராக, தடையில்லாமல், சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. நன்றாகக் கேட்கும். பக்கத்து ஊருக்கே கேட்கும்.

வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான்.

ஒன்பது படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ஒரு பிடி குறைந்தது. உறைச்சுவர் குளிர்ந்தது. கடைசிப் படியில் கால் தண்ணீரில் பட்டது; கணுக்கால் ஆழம். மோட்டார், பம்பு, நடுவில் அந்தத் தண்டு. அதன் இணைப்பில் இன்னும் ஒரு சிவப்பு நூல்பிரி சுற்றியிருந்தது. ஹெட்போன் தண்டின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது, யாரோ ஆணியில் மாட்டியதுபோல். குனிந்து காதை அருகில் கொண்டுபோனான்.

அவனுடைய குரல்தான். அந்த வெள்ளிக்கிழமையின் குரல். குஷியாக, சற்று அதிகச் சத்தமாக, ஹெட்போன் மாட்டியவர்கள் பேசுகிறபடி. "ஓகே சார், அப்படியே பண்ணிடலாம் சார். பை ராகவேந்திரா சார், பை, பை..."

மீட்டிங் முடிவில் எல்லோருக்கும் கையசைக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. கேமராவைப் பார்த்து. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து.

மேலே வெளிச்சம் மறைந்தது.

குழி வாயில் வேம்பு நின்றிருந்தாள். வானத்துக்கு எதிராக வெறும் நிழல். கையில் டீத்தூக்கு.

"அத்தாச்சி." அண்ணாந்து பார்த்தான். "இப்பவாச்சும் சொல்லுங்க. கூப்பிட்டாரா?"

இந்த முறை அவள் எதையும் துடைக்கவில்லை.

"கூப்பிட்டாரு தம்பி. மூணு தடவ. நான் இங்கனதான் தூக்கோட நின்னேன். நீங்க மாடி ஜன்னல்ல ஒக்காந்து கையத் தூக்குனீங்க. அதப் பாத்துட்டுதான் எறங்குனாரு. நான் டீய வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

குழிக்குள் தண்ணீர் ஒருமுறை சொட்டியது.

"ஏன்... ஏன் அன்னிக்கே சொல்லல?"

"என்னைய யாரு கேட்டா? நீங்க சொன்னத எழுதிக்கிட்டாங்க. போயிட்டாங்க."

"இன்னிக்குச் சொல்லிடுறேன் அத்தாச்சி. பதினோரு மணிக்கு. எல்லாத்தையும் சொல்லிடுறேன். சத்தியமா." வலது கை ஏணியைப் பிடித்தது. இடது கை சட்டைப்பையைத் தொட்டது. ஃப்யூஸ்கள் இருந்தன. ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் அவனைப் பார்க்கவில்லை. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குறதுக்கு முன்ன நீங்க கொரல் குடுத்தீங்கள்ல?"

"குடுத்தேன்."

"ம். கேட்டிருக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. "மாடி ஜன்னல்ல ஒக்காந்திருக்கீங்க. காதுல அதே கறுப்பு மிஷினு. இந்தா, கையத் தூக்குறீங்க பாருங்க."

ஏணியைப் பிடித்திருந்த வலது கை தானாக விட்டது. மெல்ல உயர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. துண்டின் நுனி தோளிலிருந்து சரிந்து தண்டின் மேல் விழுந்தது.

மேலே பெட்டி 'டக்' என்றது.